படியளக்கிறவரை நம்பிப் பழகுதல்: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிற வாக்கியம், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுகூட யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் மாதம் 25ஆம் தேதி கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோய், கையில் 300 ரூபாயோடு நிற்கிற ஒருவர் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த மறுநாள் காலைக்கானது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

கடவுளைப் "படியளக்கிறவர்" என்று சொல்வது தமிழில் பழைய வழக்கு. தமிழ் வேதாகமத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர், "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று வேண்டிவிட்டு, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிறார். மிதமிஞ்சி இருந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமலே போனால் திருடிவிடுவேன் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். படி என்பது ஓர் அளவு. இந்த விசுவாசத்தில் பழக வேண்டியது பெரும்பாலும் அந்த அளவைப் பற்றித்தான்.

முதலில், வசனத்தை முழுதாக வாசியுங்கள்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் உங்களுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கிடைத்திருக்கும். அதில் பிலிப்பியர் 4:19 இருக்க வாய்ப்பு அதிகம்: "என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்." அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 10ஆம் வசனத்திலிருந்து வாசித்துவிட்டு அந்த வசனத்துக்கு வாருங்கள். எழுதுகிற பவுல் சிறையில் இருக்கிறார். பிலிப்பி சபையார் தங்கள் கையிலிருந்ததைச் சேர்த்து எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் அவருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் அவர் இந்த வாக்கை எழுதுகிறார். அதற்குச் சில வரிகளுக்கு முன்பே, திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். பட்டினி கிடந்தவர், கொடுத்துக் கையிளைத்தவர்களுக்கு எழுதிய வாக்கு அது. அட்டையில் அந்தப் பின்னணிக்கு இடம் இல்லை.

அடுத்து வாசிக்க வேண்டியது யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். இதில் நிதானித்து நில்லுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்னும் ஆகாரம் கிடைத்தபோது தலைக்கு ஒரு ஓமர் என்று அளவு வைக்கப்பட்டது. ஓமர் என்பது எப்பா என்னும் பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். விடியற்காலம்வரை யாரும் மீதி வைக்க வேண்டாம் என்று மோசே சொல்லியும் சிலர் எடுத்து வைத்தார்கள். அது பூச்சிபிடித்து நாறிப்போயிற்று. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு ஓமர் சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது, ஓய்வுநாளுக்காக எடுத்துவைத்தது கெடவில்லை. சேர்த்துவைப்பதே தவறு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பயத்தினால் பதுக்கிவைத்தது நாறியது, சொன்னபடி எடுத்துவைத்தது நிலைத்தது. யோசுவா 5:12இல் இன்னொன்றும் உண்டு: கானான் தேசத்தின் விளைச்சலைச் சாப்பிடத் தொடங்கியதற்கு மறுநாளே மன்னா நின்றுபோயிற்று. வானத்திலிருந்து வந்தது நின்று வயலிலிருந்து வரத் தொடங்கியது, கொடுக்கிறவர் மாறவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாது என்று எண்ணாதிருக்க இது போதும்.

மூன்றாவதாக, மலைப்பிரசங்கத்தில் மத்தேயு 6:25 முதல் 34 வரை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாள்கூலிக்காரர் பலர் இருந்திருப்பார்கள். அதே சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசுவதையும், சாயங்காலம்வரை கூப்பிடுவார் இல்லாமல் கடைத்தெருவில் நின்றவர்களையும் பார்க்கலாம். காலையில் வேலை கிடைக்குமா என்று தெரியாதவர்களிடத்தில்தான் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று சொல்லப்பட்டது. வசதியானவர்களுக்குச் சொன்ன ஆறுதலாக அதை வாசித்தால் பொருள் கெட்டுவிடும்.

தேவையை எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் தேவையை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்; அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது. "பணக் கஷ்டம் தீர வேண்டும்" என்று எழுதாதீர்கள். அரிசி 10 கிலோ, அம்மாவின் சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு, 5ஆம் தேதி வீட்டு வாடகை, இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் கரண்ட் பில் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பயம் என்பது மொத்தமாக நிற்கும்வரைதான் பெரிதாகத் தெரியும். தொகையும் தேதியும் போட்டவுடன் அது நான்கைந்து வரியாகச் சுருங்கிவிடும்.

எழுதும்போதே தேவையும் ஆசையும் பிரிந்துவிடும். "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்று 1 தீமோத்தேயு 6:8 சொல்கிறது. ஆசைப்பட்டதைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை தகப்பனிடம் எதையும் கேட்கலாம். தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போன் மாற்றுவதும் மாத்திரை வாங்குவதும் ஒரே பக்கத்தில் இருந்தால், செல்போன் கிடைக்காத வருத்தத்தில் மாத்திரை கிடைத்தது கண்ணில் படாமல் போய்விடும்.

கேட்கும் விதம்

காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் போதும். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொன்ன இயேசு, உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா முன்னமே அறிந்திருக்கிறார் என்றும் சொன்னார். ஆகையால் நீளமாகவோ, உரத்த குரலிலோ, மேடையில் கேட்ட நடையிலோ ஜெபிக்க வேண்டியதில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே கேளுங்கள்: "பிதாவே, நேற்றுச் சாப்பிட்டதற்கு ஸ்தோத்திரம். வெள்ளிக்கிழமைக்குள் மகனுக்குத் தேர்வுக் கட்டணம் 750 ரூபாய் கட்ட வேண்டும். என்னிடம் 200 இருக்கிறது. மீதிக்கு வழி காட்டும். யாரிடம் போய் வேலை கேட்க வேண்டும் என்பதையும் காட்டும். இயேசுவின் நாமத்தில், ஆமென்." இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இந்த 750 வந்தால் 1,000 காணிக்கை போடுகிறேன் என்று பேரம் பேச வேண்டாம். யாக்கோபு பெத்தேலில் அப்படிப் பொருத்தனை செய்தான் என்பது உண்மைதான். ஆனால் இயேசு நமக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் "பிதாவே" என்று தொடங்குகிறது, சோற்றுக்காகத் தகப்பனிடம் ஒப்பந்தம் எழுதுகிற பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை.

அந்த ஜெபத்தில், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்னும் வரியில் "எனக்கு" என்ற சொல்லே வருவதில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதும் உங்கள் காலை ஜெபத்துக்குள் அடங்கும்.

"வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?"

ஜெபித்து எழுந்தபின் செய்ய வேண்டியதற்கு 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு விதவையின் இரண்டு மகன்களையும் கடனுக்காக அடிமைகளாக்க, கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிடுகிறாள். அவர் உடனே ஜெபித்து அனுப்பிவிடவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது. அயல்வீட்டாரிடம் போய் வெறும் பாத்திரங்களை வாங்கிவரச் சொல்கிறார், அதுவும் அநேகமாக வாங்கச் சொல்கிறார். கதவைப் பூட்டிக்கொண்டு அவளும் மகன்களும் வார்க்கிறார்கள். பாத்திரங்கள் நிறைந்தபின் எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிழைக்கச் சொல்கிறார். அற்புதம் நடந்தது எண்ணெய் வார்க்கும்போது மட்டும்தான். பாத்திரம் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கியதும், எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுபோனதும், கடன்காரனிடம் கணக்கு முடித்ததும் அவளுடைய கால்களும் கைகளும் செய்தவை.

உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தையல் மிஷின் மூலையில் கிடக்கலாம். வராத பழைய கூலிப் பாக்கி இருக்கலாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ரேஷன் அரிசியும் படிதான், வாங்குவதற்குக் கூச்சப்பட வேண்டாம். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்றார். இந்த வசனத்தை வேலை கிடைக்காதவர்கள்மேல் எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதில்லாதவனைப் பற்றித்தான் அங்கே பேச்சு.

கடனைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜெபத்துக்குப் பதில் தாமதமாகிறது என்று கந்துவட்டிக்கோ செல்போன் கடன் செயலிக்கோ போகாதீர்கள். ஏற்கெனவே போயிருந்தால், மறைக்காமல் அதை நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள். சேமிப்பையும் காப்பீட்டையும் அவிசுவாசம் என்று சொல்கிறவர்களுக்கு, யோசேப்பு ஏழு செழிப்பான வருஷங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கச் சொன்ன கதை பதிலாக இருக்கிறது.

பிறரிடம் சொல்லலாமா, கூடாதா?

புதிதாக வந்தவர்கள் குழம்புகிற இடம் இது. தேவனிடம் மட்டும் சொல்லிவிட்டு மனிதரிடம் வாய் திறக்காமல் இருப்பதே உயர்ந்த விசுவாசம் என்று ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. அது பெரும்பாலும் ஜார்ஜ் முல்லரின் கதையிலிருந்து வருகிறது. பிரஷ்யாவில் 1805இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் வில்சன் தெருவில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைத் தொடங்கினார். பின்னர் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்களைக் கட்டினார். 1898இல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்திருந்தார்கள். அவர் யாரிடமும் பணம் கேட்கவில்லை, கடன் வாங்கவில்லை.

அவரைப் பற்றிச் சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி ஒன்றுண்டு. வந்த சிறு காசுக்கும் அவர் ரசீது கொடுத்தார், ஆண்டுதோறும் வரவுசெலவை அச்சிட்டு வெளியிட்டார், எந்த ஜெபத்தை எப்போது தொடங்கினார், எப்போது பதில் வந்தது என்று குறித்துவைத்தார். தேவன் இன்றும் உண்மையுள்ளவர் என்பதைக் கண்கூடாகக் காட்டவே அந்த முறையைத் தெரிந்துகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அது அவருக்குக் கொடுக்கப்பட்ட ஊழியம். அதன் சாயல் நம் பக்கத்திலும் விழுந்தது. முல்லருடைய மனைவியின் சகோதரரான மிஷனெரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1830களில் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பழகிய தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், மிஷன் சம்பளத்தை நம்பாமல் 1840இல் கிறிஸ்டியான்பேட்டை என்னும் கிராமத்தை உண்டாக்கினார். 1901இல் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூருக்கு வந்து, 1951இல் அங்கேயே மறைந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேலும் தாம் அங்கே நடத்திய பிள்ளைகளின் இல்லத்துக்காகப் பணம் கேட்டு வேண்டுகோள் விட்டதில்லை. அந்த ஊரின் பெயரே, நிலம் வாங்கப் பணம் அனுப்பிய டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவை நினைத்து வைத்தது என்பது எனக்குப் பிடித்த ஒரு தகவல். முகம் பார்க்காத ஒருவருடைய கொடையின்மேல் ஒரு ஊர் நிற்கிறது.

இவர்களை மதியுங்கள், ஆனால் உங்கள் வீட்டுக்கு அது சட்டம் அல்ல. ஆதிச் சபையில் நடந்ததைப் பாருங்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் "அன்றாட விசாரணையிலே" விடுபட்டுப் போனார்கள் என்று முறையீடு எழுந்தது. வாயை மூடிக்கொண்டு ஜெபியுங்கள் என்று அப்போஸ்தலர்கள் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையாரிடம் சொல்லி, அவர்களை அந்த வேலைக்கு வைத்தார்கள். எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்தது கேரீத் ஆறு வற்றும்வரைதான். அதன்பின் அவர் சாறிபாத் ஊருக்குப் போய், ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்திருந்த விதவையிடம் வாய்விட்டுக் கேட்டார். ஆகவே போதகரிடமோ, நம்பிக்கையான மூப்பர் ஒருவரிடமோ போய் நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். எல்லார் முன்னும் ஜெபக்குறிப்பாக எழுதிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டு விஷயம் ஊர்ப் பேச்சாக வேண்டாம்.

கைப்பிடி அரிசி

வாங்கிப் பழகும் நாளிலேயே கொடுத்துப் பழகுங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில், உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுவருகிற பழக்கம் உண்டு. மிசோரம் மாநிலத்துச் சபைகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதைத் தவறாமல் செய்துவருகின்றன. கையிலே காசு இல்லாத வீடுகள் பிடியரிசியாலேயே மிஷனெரிகளைத் தாங்கின. என் பாட்டி இதற்கென ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா வைத்திருந்தார். வீட்டில் அரிசி குறைகிற வாரத்தில் கைப்பிடி சிறிதாகும். டப்பா மட்டும் இடம் மாறாது.

எச்சரிக்கையும் வேண்டும். "விதை" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டு, நூறு மடங்காய்த் திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்கிறவர்களிடமிருந்து விலகியிருங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள், நகையை அடகு வைத்தும் போடாதீர்கள். 2 கொரிந்தியர் 8:12 தெளிவாக இருக்கிறது: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அது அங்கீகரிக்கப்படும்.

வராதபோது

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலைபார்த்த நிறுவனம் மூடப்பட்டு, நான்கு மாதம் வருமானம் இல்லாமல் இருந்தேன். நோட்டில் "வாடகை 4,500, 5ஆம் தேதி" என்று எழுதி ஜெபித்தேன். 5ஆம் தேதி வந்தது, பணம் வரவில்லை. வீட்டுக்கார அம்மா அன்று சாயங்காலம் படியேறி வந்து, "ஏன் தம்பி முகம் இப்படி இருக்கு, அடுத்த வாரம் தாங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த முருங்கைக்காயைத் திண்ணையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். 17ஆம் தேதிதான் கொடுக்க முடிந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் என்னை ஒருவர் பொறுத்துக்கொண்டதே பதில் என்பது, பின்னால் வலப்பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அதே பக்கத்தில் என் மகளின் கல்லூரிக் கட்டணமும் இருந்தது. அது வரவேயில்லை. அவள் விரும்பிய படிப்பில் சேரவில்லை. வேறு படிப்பில் சேர்ந்தாள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வரிக்கு எதிரே வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

அப்படிப்பட்ட நேரத்தில், உங்கள் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பவுல் தம் பாடுகளைப் பட்டியலிடும்போது பசியையும் தாகத்தையும் சேர்த்துத்தான் எழுதினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொன்னதில்லை. ஆபகூக் 3ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை அந்நாளில் வாசியுங்கள்: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் விளையாமற்போனாலும் என்று ஒவ்வொரு நஷ்டமாக எண்ணிச் சொன்னபின்தான் ஆபகூக் மகிழ்ச்சி என்ற சொல்லுக்கு வருகிறார். நீங்களும் எண்ணிச் சொல்லலாம், அழலாம். அதுவும் ஜெபம்தான்.

வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்துக்குப்பின் பத்து நிமிடம் ஒதுக்கி வலப்பக்கத்தை எழுதுங்கள். எது, யார் கையால், எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கட்டும். பாதி வந்தால் பாதி என்று எழுதுங்கள். வேறு வடிவில் வந்தால் அதையும் எழுதுங்கள். வராததற்கு எதிரே எதையும் இட்டுக்கட்டி எழுத வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்; பெரியவர்கள் மறந்துவிட்ட முருங்கைக்காயை அவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். டிசம்பர் 31ஆம் தேதி ஆராதனைக்குக் கிளம்புமுன், அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வீட்டில் எல்லாரும் கேட்க ஒருமுறை வாசித்துவிட்டு, புது நோட்டில் ஜனவரிக்கான அரிசியை முதல் வரியாக எழுதிவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.